கேமரா நிற்கும் இடத்தைப் பொறுத்து நடையும் தேடலும் மாறுவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பாழடைந்த மாளிகையைச் சுற்றிவரும் இரண்டு சாகச கேம்களை அடுத்தடுத்து விளையாடியிருக்கிறீர்கள். ஒன்று ஃபர்ஸ்ட் பர்சன், பாத்திரத்தின் கண் வழியாகவே பார்ப்பது. மற்றது தேர்ட் பர்சன், பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது. முதலாவதில் அடிக்கடி வழி தவறியது, ஆனால் ஒவ்வொரு மேசையையும் அலமாரியையும் உற்றுப் பார்த்தீர்கள். இரண்டாவதில் தயங்காமல் ஓடித் தாவினீர்கள், ஆனால் முடித்த பிறகு ஓர் அறைகூட மனதில் நிற்கவில்லை. இது ரசனையா, கேமராவின் வேலையா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், நீங்களே ஒரு சின்ன சாகச கேம் செய்யத் தொடங்கியிருப்பதாகவும், கேமராவைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கேமராவைப் பிறகு முடிவு செய்ய முடியாது. கதையைத் தள்ளிப்போடலாம், ஓவிய பாணியைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட்டால் செய்த வேலையில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

பதினைந்து வருடமாக லெவல் வடிவமைப்பு செய்கிறேன். அறைகள், படிக்கட்டுகள், தாண்ட வேண்டிய பள்ளங்கள், கண்ணில் படாமல் வைக்க வேண்டிய கதவுகள், இவைதான் என் அன்றாட வேலை. நடை பற்றி நான் சொல்லப்போவதில் பெரும்பாலானவை உறுதியானவை, நீங்களே ஒரு சாயங்காலத்தில் செய்து பார்த்துவிடலாம். தேடல் பற்றியும் நினைவில் நிற்பது பற்றியும் சொல்வதில் பாதி, பலர் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து நான் எடுத்த முடிவு. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நடையில் தொடங்குவோம். கன்ட்ரோலரின் ஸ்டிக்கை மேல் நோக்கித் தள்ளினால் பாத்திரம் 'முன்னால்' போகும் என்று எல்லோரும் சொல்வோம். யாருக்கு முன்னால்? ஃபர்ஸ்ட் பர்சனில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, கேமராவும் பாத்திரமும் ஒரே திசையைத்தான் பார்க்கின்றன. கேமரா உடலை விட்டு வெளியே வந்த அந்த நொடியில் இரண்டு 'முன்னால்'கள் உண்டாகிவிடுகின்றன. பாத்திரத்தின் மூக்கு காட்டும் திசை ஒன்று, திரையின் ஆழத்தை நோக்கிய திசை இன்னொன்று. ஸ்டிக் இந்த இரண்டில் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் சாகச கேம்களின் நடையை இத்தனை வருடங்களாக ஆட்டிப்படைத்திருக்கும் சிக்கல்.

1992-இல் வந்த 'அலோன் இன் தி டார்க்' கேமராவை ஒவ்வோர் அறையிலும் ஒரு மூலையில் ஆணியடித்தது போல நிறுத்தியது. அறை தீட்டப்பட்ட படம், அதற்குள் நடமாடும் பாத்திரம் மட்டும் முப்பரிமாணம். 1996-இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்' அதே வழியில் போனது. பாத்திரம் சில அடி நடந்ததும் காட்சி வெட்டப்பட்டு வேறொரு மூலையிலிருந்து தெரியும். இப்போது ஸ்டிக் திரையின் திசைக்குக் கட்டுப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், காட்சி எதிர்ப்பக்கத்துக்கு வெட்டுகிறது, அதே வலப்பக்கம் இப்போது வந்த வழியே திரும்பிப் போகும் திசை. பாத்திரம் வாசலிலேயே முன்னும் பின்னுமாகத் தத்தளிக்கும். அதனால்தான் டேங்க் கன்ட்ரோல் என்று இன்று சலித்துக்கொள்கிற முறையை அந்த கேம்கள் எடுத்துக்கொண்டன. மேல் பட்டன் என்றால் பாத்திரத்தின் மூக்கு போகும் திசை, இடமும் வலமும் நின்ற இடத்தில் திரும்புவதற்கு மட்டும். கேமரா எத்தனை முறை வெட்டினாலும் நடை தடுமாறாது. அதை ஏதோ காலம் கடந்த அசட்டுத்தனம் போலப் பேசுவது எனக்கு ஏற்புடையதில்லை. நிலையான கேமராவுக்கு அது நேர்மையான விடை.

வேறு விடையும் உண்டு. முதல் ரெசிடென்ட் ஈவிலின் மறு ஆக்கம் 2015-இல் மெருகேற்றப்பட்டு வந்தபோது, திரையின் திசைக்குக் கட்டுப்படும் நடையையும் ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். காட்சி வெட்டினாலும், ஸ்டிக்கை விடாமல் பிடித்திருக்கும்வரை பழைய காட்சியின் திசையே செல்லும், விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் புதிய காட்சியின் திசை. சின்ன விஷயம்தான், ஆனால் நிலையான கேமரா வைக்க நினைக்கும் யாரும் இதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

1996-இல் வந்த 'சூப்பர் மாரியோ 64' இன்னொரு வழியைத் திறந்தது. ஸ்டிக் திரையின் திசைக்குக் கட்டுப்படும், கேமரா வெட்டாமல் பின்தொடர்ந்து வரும். அந்தக் கேமராவையே ஒரு பாத்திரமாக்கி, மேகத்தில் மிதந்தபடி படம்பிடிக்கும் லகிட்டு என்று அறிமுகப்படுத்தியதை நான் வெறும் அலங்காரமாகப் பார்க்கவில்லை. இனி நீங்கள் இரண்டு பேரை இயக்க வேண்டும், ஓடுகிறவர் ஒருவர், படம்பிடிக்கிறவர் ஒருவர் என்று விளையாடுபவருக்கு முதல் நிமிடத்திலேயே சொல்லிக்கொடுத்த விதம் அது. இன்றைய தேர்ட் பர்சன் கேம்களில் இடது கட்டைவிரல் ஓடுகிறது, வலது கட்டைவிரல் படம்பிடிக்கிறது. பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவது போல. முதல் முறை கன்ட்ரோலரைத் தொடுபவரின் கையில் கொடுத்துப் பாருங்கள், ஓடும்போது பார்க்க மாட்டார், பார்க்கும்போது நின்றுவிடுவார். உங்கள் கேமை விளையாடப்போவது யார் என்பது இங்கேயே கேமராவைப் பாதி தீர்மானித்துவிடும்.

அப்புறம் தாவல். சாகச கேமில் நடையைச் சோதிக்கும் உரைகல் அதுதான். தாவுவதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என் கால் இப்போது எங்கே இருக்கிறது, விளிம்பு எங்கே முடிகிறது, எதிர்க்கரை எவ்வளவு தூரம். பக்கவாட்டுப் பார்வையில் மூன்றும் ஒரே கோட்டில் கண்முன் கிடக்கின்றன, ஆழம் என்ற ஒன்றே அங்கு இல்லாததால். 1982-இல் வந்த 'பிட்ஃபால்' தொடங்கி 2010-இல் வந்த 'லிம்போ' வரை, மயிரிழையில் தப்பிக்கும் தாவல்களை அந்தப் பார்வையால் வைக்க முடிந்ததற்குக் காரணம் இதுவே. தேர்ட் பர்சனில் காலும் விளிம்பும் தெரியும், எதிர்க்கரையின் தூரம் ஊகம்தான். 1996-இல் வந்த முதல் 'டூம் ரெய்டர்' அந்த ஊகத்தை எண்ணிக்கையாக மாற்றியது. உலகம் முழுவதும் சம சதுரங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு சதுர இடைவெளி, ஓடித் தாவினால் இரண்டு, ஓடித் தாவி விளிம்பைப் பற்றினால் மூன்று. ஓட்டத்துக்கு வேண்டிய இடத்தை ஒரு சதுரம் பின்னுக்குத் துள்ளி எடுத்துக்கொள்ளலாம். விளையாடுபவர் பள்ளத்தின் முன் நின்று சதுரங்களை எண்ணுவார், கணக்குப் போட்டுத் தாவுவார். கேமரா தரமுடியாத ஆழத்தைத் தரையின் அளவு ஈடுகட்டியது.

ஃபர்ஸ்ட் பர்சனில் மூன்றில் முதலாவதே போய்விடுகிறது. நிஜ வாழ்க்கையில் நம் காலைப் பார்க்காமலேயே அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், உடம்பே சொல்லும். திரைக்குள் இருக்கும் உடம்பு எதுவும் சொல்லாது. அதனால் விளிம்பு வரை வந்து, குனிந்து பார்த்து, ஓர் அடி பின்வாங்கி, மறுபடி வந்து என்று ஒவ்வொரு தாவலும் ஒரு சின்னப் பதற்றமாகிறது. 2008-இல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ்' இதை நேரடியாக எதிர்கொண்டது. ஓடும்போது பாத்திரத்தின் கையும் காலும் பார்வைக்குள் வரும், திரையின் நடுவில் கண்ணுக்குப் பிடிமானமாக ஒரு சிறு புள்ளி நிற்கும், தாவ வேண்டிய பொருள்கள் சிவப்பாக மாறும். மூன்றுமே கண் இழந்ததைத் திருப்பித் தரும் முயற்சிகள். 2002-இல் வந்த 'மெட்ராய்டு பிரைம்' ஃபர்ஸ்ட் பர்சனில் ஓடும், ஆனால் நாயகி பந்தாகச் சுருண்டதும் கேமரா வெளியே வந்துவிடும். உருளும் பந்துக்குள் கண்ணை வைத்தால் யாராலும் தாங்க முடியாது என்பது ஒருபுறம். குறுகிய குழாய்களில் நெளிந்து போக உடம்பின் முழு வடிவமும் தெரிய வேண்டும் என்பது மறுபுறம்.

கேமரா நெருங்கி வந்தால் என்ன இழக்க நேரிடும் என்பதற்கு 'காட் ஆஃப் வார்' வரிசையைப் பாருங்கள். 2005-இல் கேமரா தூரத்தில், வடிவமைப்பாளர் போட்ட பாதையில் நகர்ந்தது, நாயகன் இஷ்டப்படி தாவினான். 2018-இல் கேமரா தோளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, ஆரம்பம் முதல் இறுதிவரை வெட்டே இல்லை. தாவும் பட்டன் போய்விட்டது. தாண்ட வேண்டிய இடத்தில் குறி காட்டும், அழுத்தினால் அவனே தாண்டுவான். கேமரா மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், சண்டையின் எடையும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் திரையில் கால்வாசியை முதுகு மறைக்கும்போது துல்லியமான தாவலை எதிர்பார்ப்பது விளையாடுபவருக்குச் செய்யும் அநியாயம்.

கட்டட அளவுக்கும் இதில் பங்கு உண்டு, ஆரம்பத்தில் யாரும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. தேர்ட் பர்சன் கேமரா பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு கண்ணுக்குத் தெரியாத கம்பின் நுனியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவர் குறுக்கே வந்தால் கம்பு சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா சுவருக்குள் போய்விடும். நிஜ வீட்டின் அளவில் ஓர் அறையைக் கட்டினால் அந்தக் கம்பு சுருங்கிக்கொண்டே இருக்கும், திரை முழுக்கப் பின்னந்தலைதான் தெரியும். அதனால் கதவை அகலமாக்குவோம், கூரையை உயர்த்துவோம், நடைபாதையை நிஜத்தைவிட ஒன்றரை மடங்கு, சமயத்தில் இரண்டு மடங்குகூட ஆக்குவோம். விளையாடுபவருக்கு அது இயல்பான அறையாகவே தெரியும். என் ஆரம்ப வருடங்களில் ஒரு கேமைத் தேர்ட் பர்சனாக எட்டு மாதம் கட்டினோம், பிறகு மேலிடத்து முடிவால் அதை ஃபர்ஸ்ட் பர்சனாக மாற்றினோம். கேமராவைத் தலைக்குள் நகர்த்துவது பத்து நிமிட வேலை. அன்று மதியம் சமையலறைக்குள் நுழைந்தபோது அது கல்யாண மண்டபம் போல இருந்தது. மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்து தீரவில்லை. தரையோடு தரையாக எல்லாவற்றையும் திரும்பக் கட்டினோம். கேமராவைப் பிறகு முடிவு செய்ய முடியாது என்று முதலிலேயே உறுதியாகச் சொன்னேனே, அது இந்தச் சமையலறையிலிருந்து வந்த உறுதி.

சரி, தேடலுக்கு வருகிறேன். நான் இதை ஒரே கேள்வியாகப் பார்க்கிறேன்: எதைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? அந்த உரிமையை விளையாடுபவரிடம் முழுசாகக் கொடுக்கலாம், வடிவமைப்பாளரே வைத்துக்கொள்ளலாம், பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் தேடல் என்பது வேறு வேறு செயலாக மாறுகிறது.

ஃபர்ஸ்ட் பர்சனில் உரிமை விளையாடுபவரிடம். ஆனால் அவர் பார்ப்பது எப்போதும் உலகத்தின் ஒரு துண்டைத்தான். மூலைக்கு அப்பால் என்ன என்று தெரிய வேண்டுமானால் மூலைக்கே போக வேண்டும். இழுப்பறைக்குள் என்ன என்று தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். பார்ப்பதே ஒரு செயல், அதற்கு நேரம் செலவாகிறது. செலவு செய்து பார்த்ததை மனம் மதிக்கிறது. நீங்கள் மேசைகளை உற்றுப் பார்த்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. 1993-இல் வந்த 'மிஸ்ட்' இதை எல்லைவரை கொண்டுபோனது. ஒவ்வொரு நிலையும் முன்கூட்டியே தயாரித்த அசையாத படம், சொடுக்கினால் அடுத்த படம். நடை என்ற ஒன்றே அதில் கிடையாது, பார்ப்பது மட்டுமே இருந்தது. அதே தீவு 2000-இல் 'ரியல்மிஸ்ட்' என்று சுதந்திரமாக நடக்கும் விதத்தில் வந்தபோது எனக்கு வேறு தீவாகத் தோன்றியது. படங்களின் காலத்தில் எங்கே நிறுத்திப் பார்க்க வைப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. நடை வந்ததும், கவனிக்க வேண்டியதைத் தாண்டி ஓடிவிடும் சுதந்திரமும் வந்துவிட்டது. எது மேல் என்பதில் நானும் நண்பர்களும் இன்றும் ஒத்துப்போவதில்லை.

ஃபர்ஸ்ட் பர்சனின் அந்தக் குறையையே விளையாட்டின் விதியாக்கிய கேம் 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்'. அதில் சில பொருள்கள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையாமல் இருக்கும், கண்ணை எடுத்தால் இடம் மாறிவிடும். அதற்குமேல் சொன்னால் விளையாடாதவர்களுக்குக் கெடுத்துவிடுவேன். கேமராவும் கண்ணும் ஒன்றாக இருக்கும் கேமில்தான் 'நான் பார்க்கிறேனா இல்லையா' என்பது இவ்வளவு தெளிவான கேள்வியாக முடியும்.

தேர்ட் பர்சனில் உரிமை பங்கு போடப்படுகிறது, அதோடு விளையாடுபவருக்கு ஒரு சலுகையும் கிடைக்கிறது: பாத்திரம் பார்க்க முடியாததை அவர் பார்க்கலாம். சுவரோரம் பாத்திரத்தை நிறுத்திவிட்டுக் கேமராவைத் திருப்பினால் மூலைக்கு அந்தப் பக்கம் தெரிந்துவிடும். காவலாளி அந்தப் பக்கம் நிற்பது நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. காலால் போகாமலேயே கண்ணால் ஆராய்ந்துவிடுகிறோம். அதனால் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அதைப் 'பார்த்து முடித்துவிட்ட' உணர்வு வருகிறது, உள்ளே போவது கடமையாகிவிடுகிறது. உங்களுக்கு அறைகள் நினைவில் நிற்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த கேமின் அறைகள் சாதாரணமாகவே இருந்திருக்கலாம், மூலையில் ஒரு குறுவரைபடம் இருந்து உங்கள் கண் அதிலேயே கிடந்திருக்கலாம். குறுவரைபடம் உள்ள கேம்களில் விளையாடுபவரின் கண் அதிலேயே ஒட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு அவர் சுற்றுவது மாளிகையை அல்ல, அந்தச் சின்ன வட்டத்தை.

தேர்ட் பர்சன் தேடலுக்குப் பகை என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் பலம் பெரிய அளவில்தான் தெரியும். 2001-இல் வந்த 'இகோ'வில் கேமரா வெகுதூரம் போய் நிற்கும், கோட்டை திரையை நிரப்பும், சிறுவன் ஒரு விரல்நகம் அளவுக்கு இருப்பான். அந்தப் படியிலிருந்து இந்தச் சங்கிலிக்கு, அங்கிருந்து அந்த மாடத்துக்கு என்று வழி முழுவதையும் கண் ஒரே மூச்சில் கோத்துவிடும். 2012-இல் வந்த 'ஜர்னி'யில் தொலைவில் மலை, முன்னால் சிறிய உருவம், நடுவே மணல். போக வேண்டிய தூரத்தை அந்த உருவத்தின் சிறுமையே சொல்கிறது. 2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' நிலத்தையே முக்கோண வடிவங்களால் அமைத்ததை அதன் வடிவமைப்பாளர்கள் வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார்கள். குன்று முன்னால் இருக்கும், பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தப் பக்கம் போனாலும் மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். கேமராவைக் கட்டுப்படுத்தாமல், கேமராவுக்கு முன்னால் எதை நிறுத்துவது என்பதைக் கட்டுப்படுத்தினார்கள். சின்னக் குழுவாக வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை என்று நினைக்கிறேன், ஒரு மண்மேடும் ஒரு மரமும் இருந்தால் போதும்.

உரிமை முழுதும் வடிவமைப்பாளரிடம் இருக்கும் நிலையான கேமராதான் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் பாரபட்சத்தோடு பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்'டில் நாயகன் மரத்துக்கு முன்னாலும் போவான், பின்னாலும் போவான். தட்டையான படத்துக்குள் ஓர் ஆழம் பிறந்தது, அந்த ஆழத்தில் ஒளித்துவைக்க இடமும் பிறந்தது. 1987-இல் வந்த 'மேனியாக் மேன்ஷன்' போன்ற சொடுக்கும் வகை கேம்களில் காலுக்கு முன்னால் சுட்டி போய்விடும். திரைமேல் சுட்டியை ஓட்டி எது தொடக்கூடியது என்று கண்டுபிடித்த பிறகுதான் பாத்திரம் நடக்கத் தொடங்கும். அங்கே தேடல் முழுவதும் கண்ணுடையது. நடை என்பது கண் எடுத்த முடிவை நிறைவேற்றுவது மட்டும். அதனால்தான் அந்த வகையில் பாத்திரம் மெதுவாக நடந்தால் பொறுமை போய்விடுகிறது, ஏற்கெனவே முடிந்த வேலைக்காகக் காத்திருக்கிறோம். 1998-இல் வந்த 'கிரிம் ஃபண்டாங்கோ' சுட்டியை எடுத்துவிட்டு டேங்க் கன்ட்ரோலைக் கொடுத்தது. பக்கத்தில் கவனிக்க வேண்டிய பொருள் இருந்தால் நாயகனின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். கண்ணின் வேலை மறுபடி காலுக்கு வந்தது: பொருளைக் கண்டுபிடிக்க அதன் அருகே நடந்தாக வேண்டும்.

நிலையான கேமராவால் மட்டுமே முடிகிற இன்னொன்று, கண்முன்னாலேயே ஒளிப்பது. 2022-இல் வந்த 'டியூனிக்' உலகத்தை மேலிருந்து சாய்வாகக் காட்டுகிறது, அந்தக் கோணம் பெரும்பாலும் மாறுவதே இல்லை. சுவரின் பின்பக்கம் நமக்குத் தெரியாது. அந்தப் பின்பக்கங்களில்தான் பாதைகளை வைத்திருக்கிறார்கள். ஒரு வாயிலைக் கண்டுபிடித்ததும், ஆரம்பத்திலிருந்தே அது அங்கேதான் இருந்தது, பத்து முறை அதைக் கடந்து போயிருக்கிறோம் என்று உறைக்கும். சுழற்றக்கூடிய கேமரா இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அந்த ரகசியம் செத்திருக்கும். 2012-இல் வந்த 'ஃபெஸ்' இதற்கு நேர் எதிர்: தட்டையாகத் தெரியும் உலகத்தை 90 பாகை திருப்பலாம். ஒரு பக்கத்திலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கும் மேடை, திருப்பியதும் காலடியில் ஒட்டிக்கொள்ளும். கேமராவைத் திருப்புவதே அங்கே நடை.

திரை ஓரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986-இன் முதல் 'செல்டா'வின் வெளியுலகம் 16-க்கு 8 என்று 128 திரைகளாக அடுக்கப்பட்டது, ஓரத்தைத் தொட்டால் அடுத்த திரை வரும். அப்படிப்பட்ட கேம்களைச் சின்ன வயதில் விளையாடியவர்கள் 'மூன்று மரம் இருக்கும் திரை', 'பாலத் திரை' என்று பெயர் வைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வெட்டில்லாமல் ஓடும் உலகத்தில் அந்த இயற்கையான எல்லை இல்லை, அதனால் கோபுரம், மலை, விளக்கு என்று நாமே அடையாளங்களை நட வேண்டியிருக்கிறது. உங்கள் ஃபர்ஸ்ட் பர்சன் மாளிகையில் வழி தவறியதற்கு அடையாளக் குறைவு முக்கியக் காரணமாக இருந்திருக்கும். ஒரே நிறச் சுவர், ஒரே மாதிரிக் கதவு, பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பினால்தான் தெரியும். நிலையான கேமரா அறைகள்தான் நன்றாக நினைவில் நிற்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட எனக்கு ஆசைதான், ஆனால் அதை நான் அளந்ததில்லை. விளையாடி முடித்தவர்களிடம் தாளைக் கொடுத்து வரையச் சொல்லியிருக்கிறேன். நிலையான கேமராவில் விளையாடியவர்கள் அறைகளை அழகாக வரைந்தார்கள், அறைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதில் தடுமாறினார்கள். மற்றவர்கள் பலர் அதற்குத் தலைகீழ். ஒரு சில டஜன் பேரை வைத்துப் பார்த்தது, அவ்வளவே.

தலைசுற்றல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது, இந்த முரண்பாடுதான் பலருக்குக் குமட்டலாகிறது. ஃபர்ஸ்ட் பர்சனில் இது அதிகமாக வருவதை அடிக்கடி பார்க்கிறேன், கண்ணுக்குப் பிடித்துக்கொள்ளத் திரையில் அசையாத பொருள் எதுவும் அங்கே இல்லை. தேர்ட் பர்சனில் பாத்திரமே அந்தப் பிடிமானம். பார்வையின் அகலமும், அதாவது கேமரா ஒரே நேரத்தில் எவ்வளவு கோணத்தைக் காட்டுகிறது என்பதும், முக்கியம். தள்ளி உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஆடும் கேம்களுக்கு 60 பாகையை ஒட்டியும், மேசைக் கணினிக்கு 90 பாகையை ஒட்டியும் அகலம் வைப்பது பரவலான வழக்கம். தொலைக்காட்சிக்கு வைத்த குறுகிய அகலத்தைக் கணினியில் அப்படியே விட்டால் குழாய் வழியே பார்ப்பது போல இருக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அகலத்தைக் கூட்டினால் அதே நடை வேகமாகத் தோன்றும், குறைத்தால் மந்தமாகத் தோன்றும். நடைவேகத்தை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். அகலத்தை மாற்றும் அமைப்பையும், நடக்கும்போது கேமரா குலுங்குவதை நிறுத்தும் அமைப்பையும் தயவுசெய்து வையுங்கள், இது இல்லாமல் விளையாடவே முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

ஃபர்ஸ்ட் பர்சன்தான் உலகத்துக்குள் அதிகம் மூழ்கடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். இதை நான் முழுசாக ஏற்கவில்லை. ரெசிடென்ட் ஈவில் வரிசை 1996-இல் நிலையான கேமரா, 2005-இல் நான்காம் பாகத்தில் தோளுக்குப் பின்னால், 2017-இல் ஏழாம் பாகத்தில் ஃபர்ஸ்ட் பர்சன் என்று மூன்றையும் செய்து பார்த்துவிட்டது, மூன்றிலும் மக்கள் பயந்திருக்கிறார்கள். ஆனால் பயம் வேறு வேறு. நிலையான கேமராவில் முனகல் சத்தம் கேட்கும், எதிரி திரைக்கு வெளியே இருப்பான், பார்க்கும் உரிமை நமக்கு இல்லாததே பயம். ஏழாம் பாகத்தில் பார்க்கும் உரிமை இருக்கிறது, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாததே பயம்.

உங்கள் கேமுக்கு வருவோம். மாளிகை, ஒற்றை ஆள், பொருள்களைத் தேடி எடுப்பது, இரண்டு இடத்தில் மட்டும் தாவல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓவியம் எதுவும் தொடங்காமல், வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளால் மூன்று அறைகள் கட்டுங்கள்: ஒரு பெரிய கூடம், ஒரு குறுகிய நடைபாதை, பொருள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன அறை. அதே மூன்று அறைகளை மூன்று கேமராவுக்கும் தனித்தனிப் பிரதியாக வைத்து, ஒவ்வொன்றிலும் கதவையும் கூரையையும் அந்தக் கேமராவுக்கு ஏற்ற அளவுக்குச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடே தவறாகிவிடும். ஒருவாரம் போதும். உங்கள் விவரத்தை வைத்து என்னைக் கேட்டால், நிலையான கேமராவை முதலில் சோதிப்பேன். தாவல் இரண்டுதான் என்பதால் அதன் பலவீனம் உங்களைப் பெரிதாகத் தாக்காது, ஒளித்துவைப்பதில் அதன் பலம் முழுதும் கிடைக்கும். தாவும் அந்த இரண்டு இடத்தில் கேமராவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், பாத்திரத்தின் காலுக்கு நேர் கீழே ஒரு வட்ட நிழல் போடலாம். அந்த நிழல் எங்கே விழப்போகிறோம் என்பதைச் சொல்லும், வெளிச்சக் கணக்குப்படி அது தவறாக இருந்தாலும் போடுங்கள்.

பிறகு இந்த கேமை இதுவரை பார்த்திராத ஐந்தாறு பேரை உட்கார வையுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். திரையைப் பார்ப்பதைவிட அவர்கள் கட்டைவிரலைப் பாருங்கள். வாசலில் காட்சி வெட்டும் இடத்தில் விரல் ஒரு நொடி தடுமாறினால் திசைக் கணக்கு தவறு. புது அறைக்குள் நுழைந்ததும் விரல் ஸ்டிக்கை விட்டுவிட்டு, பாத்திரம் சும்மா நின்றால் அவர் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த அறைகள் எவை, அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கேமராவிலும் அந்தக் குறிப்பு எப்படி மாறுகிறது என்று இங்கேயே எழுதினால், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.